மூன்றாம் பேஸில் கன்னத்தில் போட்டுக்கொண்டவன்

புதிதாக நீலச் சட்டை போட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். போன வாரம் பயிற்சி முகாமில் உங்களில் ஒருவர் என்னிடம், பேஸ்பால் அம்பயருக்கு எது சார் முக்கியம், கண்ணா காதா என்று கேட்டார். இரண்டும் இல்லை, கைதான் என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். எனக்கு ஸ்ரீரங்கம் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம், விளக்கம் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். இப்போது சொல்கிறேன். படித்துவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

நான் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் கிரிக்கெட் அம்பயர். இருபத்தேழு வருஷம் வெயிலில் நின்றிருக்கிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகியிருந்த சமயம். வீட்டில் நான் எங்கே உட்கார்ந்தாலும் அந்த இடத்தை உடனே பெருக்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில்தான் தனியார் பேஸ்பால் லீக் ஒன்றை ஆரம்பித்தார்கள். ஆறு ஊர்களுக்கு ஆறு அணி, ஆட்டக்காரர்களுக்கு மாதச் சம்பளம், பார்க்க வருகிறவர்களுக்கு டிக்கெட். ஆட்டக்காரர்களை எப்படியோ தேற்றிவிட்டார்கள். கிரிக்கெட்டில் இடம் கிடைக்காதவன், ஈட்டி எறிகிறவன், ரேஸ் ஓடுகிறவன் என்று கலந்து கட்டிச் சேர்த்தார்கள். அம்பயர்தான் அகப்படவில்லை. வெள்ளைத் தொப்பி போட்டு நின்ற அனுபவம் உள்ளவர்கள் யாராக இருந்தாலும் வரலாம் என்றார்கள். நான் போனேன்.

அங்கே தலைமை அம்பயராக இருந்தவர் முப்பத்தொரு வயதுப் பெண். பெயரை எழுத மாட்டேன், எழுதினால் கோபித்துக்கொள்வார். பாலக்கரைக்காரர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்த நிரந்தர வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு இதற்கு வந்தவர். அதிலிருந்து அவருடைய அப்பா அவரோடு பேசுவதில்லை. இந்த ஒரு சீசன் பாருங்கள், நான் நிலைக்கவில்லை என்றால் நீங்கள் சொல்கிறபடி கேட்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். அவர் ஆறு நாள் எங்களுக்குப் பாடம் நடத்தினார். நான் பிறந்த வருஷம் என்ன, இந்தப் பெண் பிறந்த வருஷம் என்ன என்று கணக்குப் போட்டுக்கொண்டே பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அதற்கான கூலி முதல் ஆட்டத்திலேயே கிடைத்தது.

உங்களில் கிரிக்கெட் பக்கமே போகாதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். கிரிக்கெட்டில் ஒருவன் அப்பட்டமாக அவுட் ஆனாலும், எதிரணி கேட்டால்தான் அம்பயர் விரலைத் தூக்க வேண்டும். கேட்கவில்லையா, அம்பயர் வாயைத் திறக்கக் கூடாது. இருபத்தேழு வருஷம் இந்த ஒன்றைப் பழகிப் பழகி என் ரத்தத்திலேயே ஊறிவிட்டது. பேஸ்பாலில் அப்படி இல்லை. யாரும் கேட்க மாட்டார்கள். பார்த்த கணமே அம்பயர் முஷ்டியைத் தூக்கிவிட வேண்டும்.

முதல் ஆட்டம் சேலம் அணியோடு. நான் முதல் பேஸில், அதாவது ஓடுகிறவன் மிதித்துச் சுற்றி வர வேண்டிய நாலு திண்டுகளில் முதலாவதில் நின்றேன். சேலம்காரர் ஒருவர் பந்தை அடித்துவிட்டு ஓடி வந்தார். அவர் வருவதற்கு நாலடி முன்பே நம் திருச்சி ஆட்டக்காரர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு பேஸை மிதித்துவிட்டார். கண் தெரியாதவருக்குக் கூட அது அவுட் என்று தெரியும். எனக்கும் தெரிந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, யாராவது கேட்கட்டும் என்று நின்றேன். அம்பயரிடம் கத்தக் கூடாது என்று ஆட்டக்காரர்களுக்கு அடித்துச் சொல்லியிருந்தார்கள், அதனால் யாரும் கேட்கவில்லை. நம் ஆள் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

சேலம்காரர் பழைய கிரிக்கெட்காரர், மானஸ்தர். தான் அவுட் என்று அவரே முடிவு பண்ணி வெளியே நடக்க ஆரம்பித்துவிட்டார். அதைப் பார்த்த நம் ஆள், சரி முடிந்தது என்று நினைத்து, மரியாதையாகப் பந்தைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். கிரிக்கெட்டில் விக்கெட் விழுந்தால் அப்படித்தான் கொடுப்பார்கள். நானும் வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். அந்த நிமிஷம் சேலம் கோச், அம்பயர் ஒன்றும் சொல்லவில்லையே, திரும்பி ஓடு என்று குரல் கொடுத்தார். அந்த மனுஷர் திரும்பி வந்து முதல் பேஸ், இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ் என்று சாவகாசமாக ஓடினார். பந்து என் பாக்கெட்டில் இருந்தது. என்னைத் துரத்துவதா, அவரைத் துரத்துவதா என்று தெரியாமல் நம் ஆட்கள் நின்றார்கள்.

கடைசியில் நம் கோச்தான் தாங்க முடியாமல் வந்து, "சார், அது அவுட்டா இல்லையா?" என்றார்.

"இப்பத்தானே கேக்கறீங்க. அவுட்தான்" என்றேன்.

அதற்குப் பிறகு நடந்த கூச்சலை நான் எழுத வேண்டாம். சேலம் அணி அன்றைக்கே புகார் கொடுத்துவிட்டது. லீக் ஆபீஸ் புத்தூரில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு மேல் மாடியில் இருந்தது. எங்கள் சத்தத்தைக் கேட்டு, வயிற்று ஸ்கேனுக்குத் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருந்தவர்கள் எல்லாம் படியேறி வந்து பார்த்தார்கள். செயலாளர் நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். என்னை மாற்றிவிடலாம் என்றார். நியாயம்தான் என்று எனக்கே தோன்றியது. தலைமை அம்பயர்தான் குறுக்கே வந்தார்.

"இவருக்குக் கண்ணுல குறை இல்ல சார். கைதான் லேட்டு. அதை நான் சரி பண்றேன். இவர் மேல இன்னொரு புகார் வந்து அது நிஜம்னு ஆச்சுன்னா, இவரோட சேர்ந்து நானும் கெளம்பிடறேன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தப் பெண்ணைப் பின் பெஞ்சிலிருந்து மனசுக்குள் கேலி பண்ணியவன் நான். அவருடைய வேலை இப்போது என் கையில் வந்து உட்கார்ந்துவிட்டது.

அன்று மாலை அவர் எனக்குத் தனியாகப் பாடம் எடுத்தார். இனிமேல் யாரும் கேட்கக் காத்திருக்காதீர்கள், பார்த்தால் உடனே சொல்லுங்கள் என்றார். ஒன்றே ஒன்று மட்டும் விதிவிலக்கு என்றார். ஓடுகிறவன் ஒவ்வொரு பேஸையும் மிதித்துவிட்டுத்தான் போக வேண்டும். மிதிக்காமல் தாண்டிப் போனால், அதை மட்டும் அம்பயர் தானாகச் சொல்லக் கூடாது. எதிரணி கவனித்து, பந்தோடு வந்து கேட்டால் அவுட். அடுத்த பந்து போடுவதற்குள் கேட்கவில்லை என்றால் அது போனது போனதுதான். அம்பயர் முகத்தில் கூடக் காட்டிக்கொள்ளக் கூடாது. இதைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. ஏனென்றால் கிரிக்கெட்டில் ஓடுகிறவன் கோட்டைத் தொடாமல் திரும்பினால், அதை அம்பயர் யாரும் கேட்காமலே சொல்வார். விரல் நுனியால் தோளைத் தொட்டு 'ஒன் ஷார்ட்' காட்டுவார். அங்கே கேட்டால் சொல்ல வேண்டியதை இங்கே கேட்காமல் சொல்ல வேண்டும். அங்கே கேட்காமல் சொன்னதை இங்கே கேட்டால்தான் சொல்ல வேண்டும். சரி சரி, புரிந்தது என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் பயிற்சி நடந்தது. கேட்காமல் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் வர வேண்டுமே. காலையில் காபி வந்ததும் இரண்டு கையையும் விரித்து சேஃப், அதாவது அவுட் இல்லை என்பேன். மத்தியானம் ரசத்தை வாயில் வைத்ததும் முஷ்டியைத் தூக்குவேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்டாலும் வாயைத் திறக்காத மனுஷன் இப்போது கேட்காமலே தீர்ப்புச் சொல்கிறார் என்று என் மனைவி மாடவீதி முழுக்கச் சொல்லிவைத்தாள். மூன்றாவது நாள் ரசமே வரவில்லை. ஆனால் கை வேகமாகிவிட்டது. அதற்கப்புறம் நின்ற ஆட்டங்களில் எல்லாம் தலைமை அம்பயர் தூரத்திலிருந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். எனக்கு அறுபது வயதில் பரீட்சை பாஸான மாதிரி இருக்கும்.

அரையிறுதி கோவை அணியோடு வந்தது. மைதானம் அரியமங்கலம் தாண்டி வாடகைக்கு எடுத்தது. நான் மூன்றாம் பேஸில். அங்கே நின்றால் பட்டறைக் கூரைகளுக்கு மேலே மலைக்கோட்டை நன்றாகத் தெரியும். ஆட்டம் கடைசிக் கட்டத்தில் சமமாக இருந்தது. நம் ஆள் ஒருவர் இரண்டாம் பேஸிலிருந்து கிளம்பி, மூன்றாம் பேஸைச் சுற்றிக்கொண்டு கடைசித் திண்டான 'வீடு' போய்ச் சேர்ந்தார், ஒரு ரன். கூட்டம் எழுந்து குதித்தது. எல்லோரும் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் அவருடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் பேஸை அவர் மிதிக்கவே இல்லை. ஒரு சாண் தள்ளிப் போய்விட்டார்.

அப்போதுதான் என் கை எனக்குத் துரோகம் செய்தது. இருபத்தேழு வருஷப் பழக்கம் ஒருபக்கம், ரசத்தில் தொடங்கிய இரண்டு மாதப் பயிற்சி இன்னொருபக்கம், இரண்டும் சேர்ந்து கையைத் தூக்கிவிட்டன. விரல் நுனி தோளைத் தொட்டுவிட்டது. ஒன் ஷார்ட். மூன்றாம் பேஸில் நின்ற கோவை ஆட்டக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஒரு சந்தேகம் முளைப்பதை நான் பார்த்தேன். அவர் கேட்டுவிட்டால், அம்பயரே காட்டிக் கொடுத்தார் என்று திருச்சி புகார் கொடுக்கும். கேட்காவிட்டாலும், எதையோ காட்டி மறைத்தார் என்று கோவை புகார் கொடுக்கும். எந்தப் பக்கம் விழுந்தாலும் அந்தப் பெண்ணின் வேலை போய்விடும். யோசிக்க நேரமே இல்லை. தோளில் இருந்த கையை அப்படியே கன்னத்துக்குக் கொண்டுபோனேன். இன்னொரு கையும் துணைக்கு வந்தது. மலைக்கோட்டைப் பக்கம் திரும்பி, கண்ணை மூடி, பிள்ளையாரப்பா என்று இரண்டு கன்னத்திலும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டேன்.

கண்ணைத் திறந்து பார்த்தால், அந்தக் கோவைக்காரரும் கையுறையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உச்சிப்பிள்ளையாரைப் பார்த்துப் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கிறார். அவர் மறுபடி கையுறையை மாட்டுவதற்குள் அடுத்த பந்து போட்டாகிவிட்டது. ரன் நின்றது. திருச்சி ஜெயித்து இறுதி ஆட்டத்துக்குப் போனது.

மறுநாள் காலை நான் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் படம் ஊர் முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றியது. என் மனைவி காபியை வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"முப்பது வருஷமா மலைக்கோட்டை ஏறலாம்னு கூப்பிடறேன், முட்டி வலிங்கறேள். மைதானத்துல மட்டும் என்ன திடீர் பக்தி? என்ன தப்புப் பண்ணினேள்?"

அம்பயராகப் போயிருக்க வேண்டியவள் அவள். பத்து மணிக்கே போன் வந்தது. கோவை மேனேஜர் புகார் கொடுத்திருந்தார். மூன்றாம் பேஸ் அம்பயர் ஏதோ சைகை காட்டினார், பிறகு அதைச் சாமி கும்பிடுவதாக மாற்றினார் என்று சரியாகவே எழுதியிருந்தார்.

மாடிப்படியில் தலைமை அம்பயரைப் பார்த்தேன். நடந்ததை அப்படியே சொன்னேன். உள்ளே போய்ப் பிள்ளையார் என்றே சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு ஒன்றும் வராது என்றேன். அவர் படியில் நின்று என் பக்கம் திரும்பினார்.

"நீங்க எதைச் சொன்னாலும் நான் பக்கத்துல உக்காந்திருப்பேன் சார். ஆனா என்னைக் காப்பாத்தறதுக்குன்னு எதையும் சொல்லிடாதீங்க."

உள்ளே செயலாளர் பதிலைத் தானே எழுதித் தயாராக வைத்திருந்தார். அம்பயர் சாமி கும்பிட்டார், அவ்வளவுதான். நான் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் கையெழுத்துப் போட்டு முடித்துவிடலாம், சாமி விஷயத்தில் யாரும் மேற்கொண்டு பேச மாட்டார்கள் என்றார். கோவை மேனேஜருக்கும் அதில் ஆட்சேபம் இருப்பதாகத் தெரியவில்லை. பிள்ளையாரை எதிர்த்து வழக்காட அவர் என்ன பைத்தியமா?

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அப்போது அந்தக் கோவை ஆட்டக்காரர் நினைவுக்கு வந்தார். நான் நடித்தேன். அவர் என்னைப் பார்த்து நிஜமாகவே கும்பிட்டார். அதை நினைத்ததும் எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது.

"சாமி கும்பிட்டது அப்புறம்தான் சார். முதல்ல கை தூக்கினது, ஓடினவர் பேஸை மிதிக்கலன்னு. பழைய கிரிக்கெட் பழக்கம். தப்பு என்னுது" என்றேன்.

செயலாளர் பேனாவைக் கீழே வைத்தார். கோவை மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எங்க ஆளு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அவுட்டுங்களா?"

"ஆமாங்க."

"அவன் கும்பிடப் போயிட்டானுங்களே. அவனை நான் என்னன்னுங்க திட்டறது?"

ரன் செல்லும், அடுத்த பந்து போட்டாகிவிட்டது, அதில் யாருக்கும் மறுபேச்சு இல்லை. என் மீதான புகார் நிஜம் என்று எழுதினார்கள். என்னை எச்சரித்துவிட்டு விட்டுவிடலாம் என்றார் செயலாளர். தலைமை அம்பயர், பந்து படாமல் முகத்தில் மாட்டுகிற தன் மாஸ்க்கை எடுத்து மேஜை மேல் வைத்தார். அது அன்றைக்குப் பேச்சுவாக்கில் சொன்னதுதானேம்மா என்று செயலாளர் பதறினார்.

"நான் பேச்சுவாக்குல சொல்லல சார்" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்தார். நானும் எழுந்து பின்னாலேயே போனேன்.

கீழே இறங்கியதும் ஸ்கேன் சென்டர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். அங்கே அழுகிறவர்களை யாரும் ஏன் என்று கேட்பதில்லை, அது ஒரு வசதி. நான் பக்கத்தில் நின்றுகொண்டு என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். என் ஒருவனுடைய வாயால் அவருடைய வேலை போயிற்று. அதற்காக வருத்தப்பட்டேன். உண்மையைச் சொன்னதற்காக வருத்தப்பட முடியவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் மனதில் இருந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை சார் என்றார். எனக்கும் தெரியவில்லை. மறு சீசனில் எங்கள் இருவரையும் திரும்பக் கூப்பிட்டார்கள். அதனால்தான் இன்றைக்கு உங்கள் சான்றிதழில் அவர் கையெழுத்து இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அந்தப் பெஞ்சில் அது எங்களுக்குத் தெரியாது.

நாலு நாள் கழித்து அவரே போன் பண்ணினார். இறுதி ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறேன், வாருங்கள் என்றார். அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் வாசல் வரைக்கும் வந்து வண்டியைத் தள்ளிக் கொடுத்தார் என்றார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக டிக்கெட்டோடு மரப்பலகையில் உட்கார்ந்தேன். எங்களுக்கு நேர் எதிரே, கூப்பிடு தூரத்தில் இரண்டாம் பேஸ். திருச்சிக்கும் மதுரைக்கும் ஆட்டம். ஊரே வந்திருந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவர் மருங்காபுரியிலிருந்து குடும்பத்தோடு வண்டி வைத்துக்கொண்டு வந்திருந்தார். ஆட்டம் என்னவென்று அவருக்குப் புரியவில்லை, ஆனால் திருச்சி ஜெயிக்க வேண்டும் என்பதில் அவரைவிட உறுதியாக யாரும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் அவரோடு சேர்ந்து கத்தினோம். அம்பயராக இருந்த காலமெல்லாம் அடக்கி வைத்த கத்தல். அவ்வளவு சுகமாக இருந்தது.

கடைசிக் கட்டத்தில் ஆட்டம் சமம். மதுரைக்காரர் ஒருவர் முதல் பேஸிலிருந்து பறந்து வந்தார். இரண்டாம் பேஸை மிதிக்காமல், அரை அடி உள்ளே வெட்டித் திரும்பி, மூன்றாம் பேஸ், பிறகு வீடு. ரன். திருச்சி ஆட்கள் யாரும் கவனிக்கவில்லை. பந்து, எறிகிறவரான பிட்சர் கைக்குப் போய்விட்டது.

நான் எழுந்து ஒரு சத்தம் போட்டால் போதும். இரண்டாம் பேஸில் நின்ற திருச்சிக்காரருக்கு என் குரல் நன்றாகத் தெரியும். கேளுங்க என்று ஒரு சொல். கேட்டிருந்தால் அந்த ரன் இல்லை, ஆட்டம் சமமாகவே நின்றிருக்கும். டிக்கெட்டோடு உட்கார்ந்திருக்கிறவன் கத்தக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. நான் வெளியே வந்தாகிவிட்டது, இனி நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியவன் இல்லை. என் ஊர் தோற்கப் போகிறது.

பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அவரும் பார்த்துவிட்டார் என்று தெரிந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, கடலைப் பொட்டலத்தை இரண்டு கையாலும் நசுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது.

"சார், அடுத்த பந்து போட்டாச்சா?"

பிட்சர் இன்னும் பந்தைத் தொடையில் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த மனுஷன் அன்றைக்குத் துடைத்த மாதிரி யாரும் துடைத்து நான் பார்த்ததில்லை.

"இன்னும் இல்லம்மா" என்றேன். நானும் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

பந்து போனது. "போட்டாச்சும்மா" என்றேன். அவர் கண்ணைத் திறந்தார்.

திருச்சி ஒரு ரன்னில் தோற்றது. மருங்காபுரிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எங்கே சார் தப்பு நடந்தது, நமக்கு அதிர்ஷ்டம் இல்லையா என்று என்னைக் கேட்டார். நான் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தேன். தலைமை அம்பயர் நசுங்கின கடலையை அவருக்கும் எனக்கும் பிரித்துக் கொடுத்தார். மூன்று பேரும் சேர்ந்து மனதார அழுதோம்.